ஆளில்லா நேரத்துக் கடவுச்சொல்: டொம்கெட் முகாமைச் செயலிக்கு நுழைவுச் சான்றை நிரல்வழி வழங்கும் முறை

புத்தளத்திலிருந்து எழுவன்குளம் நோக்கிச் செல்லும் வீதியில், மேற்கே களப்பும் வடக்கே வில்பத்துக் காடும் எல்லையாக அமைந்த வண்ணாத்திவில்லு போன்ற பிரதேசங்களில் குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடுவீடாகச் சென்று குறித்து வரும் தாய்சேய் நல விவரங்களைத் திரட்டுவதற்காக, இலங்கையின் குடும்ப சுகாதாரப் பணியகம் மின்னணு இனப்பெருக்க சுகாதார முகாமைத்துவத் தகவல் முறைமை ஒன்றை நடத்தி வருகிறது. அம்முறைமைக்கு அடித்தளமாக இருப்பது நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு உருவான டி.எச்.ஐ.எஸ்-2 என்னும் திறந்தமூல மென்பொருளாகும். 2006இல் கேரளத்தில் முதன்முதலாகக் களத்தில் இறக்கப்பட்ட இம்மென்பொருளைக் கொண்டே, 2020 ஜனவரியில் கொவிட் தொற்று நாட்டின் எல்லையைத் தொட்ட வேளையில், வெளிநாட்டிலிருந்து வருவோரைப் பதிந்து கண்காணிக்கும் பகுதியும் இலங்கையில் விரைந்து அமைக்கப்பட்டது. பிற நாடுகளும் அதைப் பின்பற்றித் தத்தம் தேவைக்கு மாற்றிக்கொண்டன. டி.எச்.ஐ.எஸ்-2 ஜாவா மொழியில் எழுதப்பட்ட வலைச்செயலி என்பதால், அதன் பகுதிகள் யாவும் ‘வார்’ எனப்படும் ஒரே பொதிக்கோப்பில் அடங்கியிருக்கும். அப்பொதியை ஏற்று இயக்கும் களமாக அப்பாச்சி நிறுவனத்தின் டொம்கெட் பெரும்பாலும் அமைகிறது.

இத்தகைய செயலியைப் புதுப்பிக்கும் வேலை, கிளைப் பணிமனைகளில் எவரும் தரவு உள்ளிடாத நள்ளிரவிலேயே நடக்க வேண்டியிருப்பதால், அந்த நேரத்தில் விசைப்பலகையின் முன் அமர்ந்து பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டெழுத ஆள் இருப்பதில்லை. அவ்விரண்டும் சேர்ந்த இணையே நுழைவுச் சான்று எனப்படும். அதை மனிதருக்குப் பதிலாகக் கட்டளைக் கோப்பு ஒன்று தானே எடுத்து வழங்குவதை நிரல்வழி வழங்குதல் எனலாம். சான்றை அனுப்புவது ஒரு வரி வேலைதான். அது எங்கே உறங்குகிறது, சேவையகம் தரும் மறுமொழியை நிரல் எப்படிப் படித்துக்கொள்கிறது என்னும் இரண்டிடங்களில்தான் அனுபவமுள்ள நிர்வாகிகளும் இடறுகின்றனர். ஆகவே இக்கட்டுரை அவ்விரண்டிலுமே நெடுநேரம் தங்குகிறது. கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளமையால், அவற்றைக் கணினியில் இடும்போது ஆங்கில எழுத்துகளிலேயே இட வேண்டும்.

முதலில் முகாமைச் செயலி நிறுவப்பட்டிருக்க வேண்டும். டொம்கெட்டுடன் வரும் ‘மனேஜர்’ என்னும் இச்சிறு செயலியே பிற செயலிகளை ஏற்றவும் நிறுத்தவும் நீக்கவும் வல்லது; டெபியன், உபுண்டு ஆகியவற்றில் இது ‘அட்மின்’ என முடியும் தனிப் பொதியாக வருவதால், அதை நிறுவாதவர்க்கு 404 என்னும் மறுமொழியே கிடைக்கும்.

அடுத்தது பயனர். ‘கொன்ஃப்’ அடைவில் உள்ள ‘டொம்கெட்-யூசர்ஸ்’ எக்ஸ்.எம்.எல் கோப்பில் பயனர்களும் அவர்களின் பொறுப்புகளும் எழுதப்படுகின்றன. பழைய பதிப்புகளில் ‘மனேஜர்’ என்ற ஒரே பொறுப்பு இருந்தது. டொம்கெட் 7 அதை நான்காகப் பிரித்தது. அவற்றுள் ‘மனேஜர்-ஜி.யு.ஐ’ உலாவியில் பக்கத்தைத் திறக்கும் மனிதருக்கும், ‘மனேஜர்-ஸ்கிரிப்ட்’ எளிய உரை வடிவில் பேசும் நிரலுக்கும் உரியவை. ஏனைய இரண்டும் கண்காணிப்பு சார்ந்தவை. உலாவிக்கும் நிரலுக்கும் உரிய முதலிரு பொறுப்புகளையும் ஒரே பயனருக்கு அளித்தல் ஆகாது. காரணம், உலாவிப் பக்கத்துக்கு இருக்கும் போலிக்கோரிக்கைத் தடுப்பு, அதாவது உள்நுழைந்த ஒருவரின் உலாவியைக் கொண்டே அவரறியாமல் கட்டளை அனுப்பவைக்கும் சூழ்ச்சிக்கு எதிரான காப்பு, உரை முகப்புக்கு இல்லை. இரு பொறுப்பும் கொண்ட ஒருவர் உலாவியில் நுழைந்திருக்கையில் அக்காப்பு முழுவதும் பயனற்றுப் போகிறது. நிரலுக்கென ‘நிறுவி’ போன்ற தனிப் பெயருடன் ஒரு பயனரை உருவாக்கி, ‘மனேஜர்-ஸ்கிரிப்ட்’ ஒன்றை மட்டுமே தருவது தவறாத விதியாக இருக்கட்டும். இதற்கு வேறொரு வலுவான காரணமும் உண்டு. அது பூட்டைப் பற்றிய பகுதியில் வரும்.

கடவுச்சொல்லைப் பொறுத்தவரை, நிரலுக்கான கடவுச்சொல்லில் எழுத்தும் எண்ணும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. சிறப்புக் குறிகள் பலம் சேர்க்கும் என்று கற்றவர்க்கு இது உவப்பாக இராது. எனினும் ‘அம்பர்சண்ட்’ குறி எக்ஸ்.எம்.எல் கோப்பில் தனி வடிவில் எழுதப்பட வேண்டும், டொலர் குறியை ஷெல் தன் மாறியாக எடுத்துக்கொள்ளும், வலைமுகவரியில் இட்டால் ‘அட்’ குறி முகவரியையே இரண்டாக வெட்டிவிடும். ஆக ஒரே சொல் மூன்று இடங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டு, எது சரியென்று எவருக்கும் தெரியாத நிலை பிறக்கிறது. மனிதர் நினைவில் வைக்கத் தேவையில்லாத சொல்லுக்கு நீளமே போதிய பலம். ஓப்பன்-எஸ்.எஸ்.எல் கருவியின் ‘ரான்ட்’ கட்டளையிடம் பதினாறு பைட்டுகளைப் பதினறும வடிவில் கேட்டால், 32 எழுத்துகள் கொண்ட, ஊகிக்கவே இயலாத சொல் கிடைக்கும்.

இனி அச்சொல் உறங்கும் இடம். சேவையகத்துடன் பேசும் கருவியாகப் பலரும் பயன்படுத்துவது ‘கேர்ல்’. அதற்கு ‘யு’ விருப்பத்துடன் பெயரையும் சொல்லையும் முக்காற்புள்ளியால் இணைத்துக் கட்டளை வரியிலேயே கொடுத்துவிடுவதுதான் எங்கும் காணப்படும் குறுக்குவழி, அதுவே முதற்பிழை. ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைகளின் பட்டியலை அதே கணினியில் கணக்கு வைத்திருக்கும் பிறரும் பார்க்க இயலும். கேர்ல் தன் கடவுச்சொல்லை அப்பட்டியலிலிருந்து மறைக்க முயன்றாலும், தொடக்கத்தில் ஒரு கணம் அது வெளிப்பட்டே தீரும். கையால் ஒருமுறை சோதித்துப் பார்த்த வரியோ ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். சூழல் மாறியில் வைப்பது இதைவிடச் சற்று மேலானது. ஆயினும் அந்நிரல் தோற்றுவிக்கும் ஒவ்வொரு துணைநிரலும் அம்மாறியை மரபுரிமையாகப் பெறுவதால், எங்கோ ஒரு பிழையறிக்கை சூழல் முழுவதையும் அச்சிடும்போது சொல்லும் சேர்ந்தே அச்சாகும்.

ஏற்கத்தக்க வழி ‘நெட்-ஆர்சி’ கோப்பு. பழைய எப்.டி.பி காலத்திலிருந்தே வழக்கிலுள்ள இக்கோப்பில் ஒரு சேவையகத்துக்கு ஒரு வரி போதும்: ‘மெஷின்’ என்ற சொல், அதையடுத்துச் சேவையகத்தின் பெயர், பின்னர் ‘லொகின்’ என்ற சொல்லும் பயனர் பெயரும், ஈற்றில் ‘பாஸ்வேர்ட்’ என்ற சொல்லும் கடவுச்சொல்லும், யாவும் ஓர் இடைவெளி விட்டு. கோப்பின் அனுமதி எண் 600 ஆக இருத்தல் வேண்டும். அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் இயலும், ஏனையோர்க்கு எதுவும் இல்லை. இதை மறந்தால் கேர்ல் எச்சரிக்காது. எல்லோரும் படிக்கக்கூடிய கோப்பையும் அது மறுப்பின்றி ஏற்று வேலையை முடித்துவிடும் என்பதால், கட்டளைக் கோப்பின் முதல் வேலையாக அனுமதி எண்ணைச் சோதித்து, 600 அல்லாவிடில் அங்கேயே நின்றுவிடுமாறு எழுதுவது நன்று. வீட்டு அடைவிலுள்ள பொதுக்கோப்பை நம்பாமல், ‘நெட்-ஆர்சி-ஃபைல்’ என்னும் விருப்பத்தால் குறிப்பிட்ட கோப்பின் முழுப்பாதையைக் கொடுப்பதே சிறந்தது. இதன் அருமை சுரங்கவழியைப் பயன்படுத்தும்போது விளங்கும்.

முகாமைச் செயலி இயல்பாகவே தன் சேவையகத்துக்குள்ளிருந்து, அதாவது 127 எனத் தொடங்கும் உள்முகவரியிலிருந்து, வரும் கோரிக்கைகளை மட்டுமே ஏற்கும்படி ஒரு முகவரித் தடையுடன் வருகிறது. வெளியிலிருந்து வேலை செய்ய முடியவில்லை என்று அத்தடையை நீக்கிவிடுவது, வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாசலைப் பூட்டுவதற்கு ஒப்பாகும். முகாமைச் செயலிக்குள் நுழைந்தவர் தாம் விரும்பிய வார் கோப்பை ஏற்றலாம். வார் கோப்பை ஏற்றவல்லவர் சேவையகத்தில் தாம் விரும்பிய எதையும் ஓடவைக்கலாம். தடையை அப்படியே விட்டு, எஸ்.எஸ்.எச் வழியாக ஒரு சுரங்கவழி அமைத்து, தம் கணினியின் ஒரு துறையைச் சேவையகத்தின் 8080ஆம் துறையுடன் இணைத்துக்கொண்டால், கோரிக்கை மறைகுறியாக்கப்பட்டுச் சென்று உள்முகவரியிலிருந்து வந்ததாகவே டொம்கெட்டை அடையும். கலா ஓயா பெருகி எழுவன்குளத்துப் பாதை நீரில் மூழ்கும் நாட்களில் நிர்வாகி எந்தக் கரையில் இருந்தாலும் இவ்வழி திறந்தே இருக்கும். ஆனால் சோதனைச் சேவையகம் ஒன்று, பணிச் சேவையகம் ஒன்று என இரண்டுக்கும் சுரங்கம் அமைத்தால், இரண்டும் நெட்-ஆர்சி கோப்பில் ‘லோக்கல்-ஹோஸ்ட்’ என்ற ஒரே பெயருடன் நிற்கும். அக்கோப்பு துறை எண்ணைக் கருதாது ஆதலால், சோதனைக்குரிய சான்று பணிச் சேவையகத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு சேவையகத்துக்கும் தனிக் கோப்பு வைப்பதே இதற்குத் தீர்வு.

முகவரித் தடையை முழுக்கவும் நம்பியிருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டி.எச்.ஐ.எஸ்-2 போன்ற செயலிகளின் முன்னால் ‘எஞ்சின்-எக்ஸ்’ போன்ற இடைநிலைச் சேவையகம் அதே கணினியில் நிறுத்தப்படுவது வழக்கம். உலகின் எம்மூலையிலிருந்து வரும் கோரிக்கையும் அதன் வழியாகவே டொம்கெட்டை அடைவதால், டொம்கெட்டின் கண்ணுக்கு எல்லாமே உள்முகவரியிலிருந்து வந்தனவாகத் தோன்றும். உண்மையான முகவரியை எடுத்துச்சொல்லும் அமைப்பைத் தனியே செய்திராவிட்டால் தடை இருந்தும் இல்லாததே. ஆகவே இடைநிலைச் சேவையகத்தின் அமைப்புக் கோப்பில் ‘மனேஜர்’ பாதையை வெளிப்படையாக மறுக்கும் வரியைச் சேர்த்த பின்னரே மேலே செல்ல வேண்டும்.

இந்த எச்சரிக்கைகள் மிகையல்ல என்பதற்கு, சான்று பயணிக்கும் முறையே காரணம். டொம்கெட் முகாமைச் செயலி பயன்படுத்துவது ‘பேசிக்’ எனப்படும் அடிப்படை முறை. 2015இல் வெளியான ஆர்.எப்.சி 7617 அதை வரையறுக்கிறது. பெயரையும் சொல்லையும் முக்காற்புள்ளியால் இணைத்து, ‘பேஸ்-64’ என்னும் முறையில் மாற்றி, கோரிக்கையின் தலைப்பகுதியில் வைத்து அனுப்புவதே அம்முறை. மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக விரித்தெழுதும் எழுத்துமாற்றமே பேஸ்-64. அதில் இரகசியம் எதுவுமில்லை, எவரும் ஒரு கட்டளையில் திருப்பிவிடலாம். எனவே சுரங்கவழியோ எச்.டி.டி.பி.எஸ் இணைப்போ இன்றி இச்சான்றை அனுப்புவது திறந்த அஞ்சலட்டையில் கடவுச்சொல்லை எழுதுவதற்குச் சமம். கேர்லின் விரிவான அச்சு விருப்பத்தை இட்டு, அந்த வெளியீட்டை உதவி கேட்டு வட்ஸ்அப் குழுவில் பகிர்வோர், புரியாத எழுத்துக்கோவை என்று எண்ணித் தம் கடவுச்சொல்லையே பகிர்ந்துவிடுகின்றனர்.

ஏற்றும் கட்டளை இப்போது எளிது. கேர்லின் ‘டி’ விருப்பம் கோப்பை ‘புட்’ முறையில் அனுப்பும். முகவரி ‘மனேஜர்’, ‘டெக்ஸ்ட்’, ‘டிப்ளோய்’ என்ற மூன்று பகுதிகளைக் கொண்டது. வினாப்பகுதியில் செயலியின் பாதையும், இருப்பதை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கச் சொல்லும் ‘அப்டேட்’ குறிப்பும் வரும். இடைப்பகுதியில் ‘டெக்ஸ்ட்’ என்பதற்குப் பதிலாக ‘எச்.டி.எம்.எல்’ என்று எழுதினால் அது மனிதருக்கான பக்கம். அங்கே நிரலுக்கு 403 தான் கிடைக்கும். அப்பக்கத்தின் வழியே ஏற்றும் கோப்புக்கு இயல்பாகவே 52,428,800 பைட் என்ற மேல்வரம்பும் உண்டு, டி.எச்.ஐ.எஸ்-2 பொதி அதை எளிதில் தாண்டும். உரை முகப்பில் ‘புட்’ முறைக்கு அவ்வரம்பு இல்லை. ஏற்றுவதற்கு முன் தரவுத்தளத்தைப் பிரதி எடுத்தே ஆக வேண்டும், ஏனெனில் புதிய பதிப்பு தொடங்கும்போதே அட்டவணைகளைத் தன் வடிவுக்கு மாற்றத் தொடங்கிவிடும்.

பெரும்பாலோர் இடறி விழும் இடம் இதன் பின்னரே வருகிறது: மறுமொழியைப் படித்தல். வலைச் சேவையகம் 200 என்ற எண்ணைத் திருப்பினால் வெற்றி, வேறெதையும் திருப்பினால் தோல்வி என்ற எண்ணம் நிரல் எழுதுவோரிடம் ஆழப் பதிந்திருக்கிறது. முகாமைச் செயலியின் உரை முகப்பு அவ்விதம் நடப்பதில்லை. சான்று சரியாக இருந்து கட்டளை உள்ளே சென்றுவிட்டால், வேலை தோற்றாலும் அது 200ஐயே திருப்பும்; வெற்றியா தோல்வியா என்பது மறுமொழியின் முதற்சொல்லில் மட்டுமே இருக்கும். ‘ஓகே’ என்று தொடங்கி, ஒரு சிறு கோடிட்டு, இன்ன பாதையில் செயலி ஏற்றப்பட்டது என்று சொன்னால் அது வெற்றி. ‘ஃபெயில்’ என்று தொடங்கி, அதே கோடிட்டு, செயலி ஏற்றப்பட்டது, ஆனால் தொடங்க இயலவில்லை என்று சொன்னால், கோப்பு போய்ச் சேர்ந்தும் செயலி உயிர்பெறவில்லை என்பது பொருள். தரவுத்தளம் எட்டாத இரவுகளில் இவ்வரியைக் காணலாம். எண்ணை மட்டும் பார்க்கும் நிரல் இரண்டையும் வெற்றியென்றே பதிந்துவைத்து ஓய்ந்துவிடும். காலையில் தரவு உள்ளிட அமரும் உத்தியோகத்தருக்கே முதலில் உண்மை தெரியவரும், அவரோ தம் இணைய இணைப்பில்தான் கோளாறு என்று எண்ணிக் காத்திருப்பார். ஆதலால் நிரல் மறுமொழியின் முதல் வரியைப் பிடித்து, அது ‘ஓகே’ என்று தொடங்கினால் மட்டுமே பூச்சியத்தைத் திருப்பி, ஏனைய எல்லாச் சூழலிலும் தோல்வியை உரக்க அறிவிக்க வேண்டும். கேர்லுக்குக் குறுகிய காலவரையறை விதித்தலும் தவறு. பெரிய செயலி தொடங்க நிமிடங்கள் பிடிக்கும், மறுமொழி அதன் பின்னரே வரும்.

401, 403 ஆகிய இரண்டையும் ஒன்றாகக் கருதி, எது வந்தாலும் கடவுச்சொல்லையே மாற்றிப் பார்ப்பது அடுத்த பிழை. 401 என்பது ‘சான்று இல்லை அல்லது பொருந்தவில்லை’ என்பதாகும். 403 என்பது ‘அறிந்தேன், அனுமதியில்லை’ என்பதாகும். அதற்கு முகவரித் தடை, பொறுப்பின்மை என்னும் இரு காரணங்கள் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. ஏற்றப்பட்ட செயலிகளைப் பட்டியலிடும் ‘லிஸ்ட்’ கட்டளையைச் சான்று எதுவுமின்றி வேண்டுமென்றே அனுப்ப வேண்டும். முகவரித் தடை சான்றைச் சோதிக்கும் பகுதிக்கு முன்னரே நிற்பதால், சான்றில்லாமலே 403 வந்தால் குற்றம் முகவரியில். சுரங்கவழியைச் சரிபார்க்க வேண்டும். மாறாக 401 வந்தால் முகவரி ஏற்கப்பட்டுள்ளது. பின்னர்ச் சான்றுடன் அனுப்பும்போது 403 வந்தால், கடவுச்சொல் சரி, பொறுப்புத்தான் தவறு. ஒரு நிமிடமும் பிடிக்காத இச்சோதனையைச் செய்யாமல் மணிக்கணக்கில் கடவுச்சொல்லை மாற்றி மாற்றி எழுதுவோர் பலர்.

அவ்வாறு மாற்றி எழுதுவது வீண்வேலையாக மட்டும் முடிவதில்லை. டொம்கெட்டின் இயல்பான அமைப்பில் ‘லொக்-அவுட் ரெல்ம்’ என்னும் பூட்டு செயற்படுகிறது. ஒரு பயனர் பெயருக்கு ஐந்து முறை தவறான சொல் வந்தால், அப்பெயர் 300 விநாடிகளுக்குப் பூட்டப்படும். அவ்வேளையில் சரியான சொல்லைக் கொடுத்தாலும் வருவது 401 தான், பூட்டப்பட்டது என்ற குறிப்பு கோரியவருக்குக் காட்டப்படுவதில்லை. பூட்டு விழுந்திருக்கையில் மீண்டும் தவறான சொல் வந்தால் 300 விநாடிகள் அங்கிருந்து புதிதாக எண்ணப்படும். நிமிடத்துக்கு ஒருமுறை ‘குரோன்’ எனப்படும் காலமுறைப் பணியில் ஓடும் நிரல் ஒன்று பழைய கடவுச்சொல்லைச் சுமந்திருந்தால் நிகழ்வதை எண்ணிப் பார்க்கலாம்: ஐந்தாவது நிமிடத்தில் விழும் பூட்டு அதன்பின் திறக்கவே வாய்ப்பில்லை. பூட்டு கணினியைப் பார்ப்பதில்லை, பயனர் பெயரையே பார்க்கிறது என்பதால், அதே பெயரில் உலாவி வழியாக நுழைய முயலும் நிர்வாகியும் சரியான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே நிற்க நேரும். நிரலுக்குத் தனிப் பயனர் என்னும் விதிக்கு மேலே குறிப்பிட்ட வலுவான காரணம் இதுவே. நிரல் 401ஐக் கண்டால் மறுமுயற்சி செய்யாமல் உடனே நிற்க வேண்டும். இணைப்பு அறுந்தமைக்கு மறுமுயற்சி பொருந்தும், சான்று பிழைத்தமைக்குப் பொருந்தாது. டொம்கெட்டின் ‘கட்டலினா’ பதிவேட்டில் பூட்டப்பட்ட பயனர் நுழைய முயன்றதாக எச்சரிக்கை வரி இருக்கிறதா என்று பார்ப்பதே ஐயத்தைத் தீர்க்கும் வழி.

‘ஆன்ட்’, ‘மேவன்’ போன்ற கட்டமைப்புக் கருவிகளின் வழியாக ஏற்றுவோர்க்கும் விதி அதுவே: சான்று திட்டக்கோப்பில் இருக்கக் கூடாது. ஆன்ட் எனில் தனிப் பண்புக்கோப்பிலும், மேவன் எனில் பயனரின் வீட்டு அடைவிலுள்ள ‘செட்டிங்ஸ்’ கோப்பிலும் வைத்து, ‘கிட்’ களஞ்சியத்தில் அவை சேராதவாறு விலக்க வேண்டும். ஒருமுறை களஞ்சியத்தில் ஏறிய சொல்லைப் பின்னர் அழித்தாலும் அதன் வரலாற்றில் நிற்கும். அதை மாற்றியே தீர வேண்டும்.

செயலி ஏறிய பின் அதற்குள் தரவை அனுப்பும் நிரல்களுக்குத் தேவையான சான்று வேறு. டி.எச்.ஐ.எஸ்-2 இதற்காகத் தனிநபர் அணுகல் வில்லை என்னும் வசதியைத் தருகிறது. கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் இந்நீண்ட குறிக்கு முடிவு நாள் விதிக்கலாம், எந்த முகவரியிலிருந்து வரலாம், எந்த முறைகளைப் பயன்படுத்தலாம் என்றும் வரையறுக்கலாம். மாதிரித் தளத்துடன் வரும், உலகறிந்த ‘அட்மின்’ பயனரின் கடவுச்சொல்லை அப்படியே விட்டுவைத்திருப்போர் வில்லையைப் பற்றி எண்ணுமுன் அதை மாற்றட்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைச் சிறப்பு வகையில் வைத்திருக்கிறது. களப்போரத்துக் கிராமத்தில் ஒரு தாய் தம் வீட்டு வாசலில் நம்பிச் சொன்ன விவரம், எங்கோ ஒரு சேவையகத்தில் எல்லோரும் படிக்கத்தக்க ஒரு கோப்பின் காரணமாக வெளியாவது பொறுத்துக்கொள்ளத்தக்கதன்று.

எஞ்சியிருப்பது கடவுச்சொல்லை மாற்றும் ஒழுங்கு. இருக்கும் பயனரின் சொல்லை நேரடியாக மாற்றினால், நெட்-ஆர்சி கோப்பு மாறும் வரையுள்ள இடைவெளியில் நிரல் தவறிப் பூட்டு விழக்கூடும். ஆகவே இரண்டாவது பயனர் ஒருவரைப் புதிய சொல்லுடன் முதலில் சேர்த்து, பழைய டொம்கெட் எனில் மறுதொடக்கம் செய்து, நெட்-ஆர்சி வரியைப் புதிய பயனருக்கு மாற்றி, ‘லிஸ்ட்’ கட்டளையை அனுப்பி ‘ஓகே’ வருகிறதா என்று பார்க்க வேண்டும். அணுகல் பதிவேட்டில் பயனர் பெயரும் பதிவாவதால், ஒரு வாரம் அதைக் கவனித்தால் பழைய பெயரில் இன்னும் எந்த நிரலாவது வந்துபோகிறதா என்பது தெரியும். மறந்துபோன நிரல் ஒன்றேனும் அநேகமாக அகப்படும். அதையும் மாற்றிய பின் பழைய பயனரின் வரியை நீக்கி, பழைய சான்றுடன் ஒரே ஒருமுறை கோரிக்கை அனுப்பி, 401 வருவதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.